முதற் காமிராவும் அதற்குரிய லென்ஸ்களும்

(பனவடலிசத்திரத்தில் கூடிய நமது சங்கத்தின் கிளைக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)

   

தமிழ் நூல்களைப் பாடஞ் சொல்லும் எம்மைக் காமிராவைப் பற்றிப் பேசுமாறு காரியதரிசியவர்கள் பணித்த செய்தி கேட்டு, இங்குள்ளாருட் சிலர் நகைத்திருத்தல் கூடும். இலக்கணத்திற்கும் லென்ஸுக்கும் யாது தொடர்பு என்று அவர்கள் வினவலாம். தொடர்புண்டு என்பதே எமது விடை. அதனைப் பின்னர்க் கூறுவாம். இப்பொருளை இக்கூட்டத்தில் எடுத்துக்கொண்டதன் காரணத்தை முதற்கண் கூறுதல் முறை.

நமது பகுதி வானம் பார்த்த கரிசற் பூமி. மழை பெய்தால் பருத்தியும் உளுந்தும் பாசிப்பயறும் உண்டு. பொய்த்தால் கடன் ஒன்றே உண்டு. ஆதலின், நம் பிள்ளைகள் நிலத்தை மட்டும் நம்பியிராது கைத்தொழில் ஒன்றினைப் பற்றிக்கொள்ள விரும்புகின்றனர். அது போற்றத்தக்கதே. அங்ஙனம் விரும்புவோருட் பலர் இக்காலத்து நாடுவது நிழற்படத் தொழில். கலியாணம், காதுகுத்து, சடங்கு, புதுமனை புகுவிழா, கோயிற்கொடை என்று ஆண்டு முழுதும் அதற்கு வேலையுண்டு. ஆயினும், அத்தொழிலுக்கு வேண்டும் முதல் சிறிதன்று. வீட்டு நகை அடகுக் கடைக்குப் போகின்றது. அன்றேல் மாதத் தவணைக் கடன் தலைமேல் ஏறுகின்றது. எனவே, எதை முன்னர் வாங்குவது, எதைப் பின்னர் வாங்குவது, எதனை வாங்காது விடுவது என்னும் வினா வெறும் பொழுதுபோக்கு வினாவன்று. குடும்பத்தின் வாழ்வைத் தொடும் வினாவாகும்.

எம்மிடம் பயின்ற மாணவன் ஒருவன், தாயின் காதணியை அடகு வைத்துப் பெற்ற பணத்தில் மிகப் பெரும் பகுதியைக் காமிராவின் உடற்பகுதிக்கே செலவிட்டான். அதனோடு அவன் பெற்றவை சாதாரண லென்ஸ் ஒன்று, பேட்டரி ஒன்று, மெமரி கார்டு ஒன்று. முதன்முதல் அவனை அமர்த்திய கலியாணத்தில், பெண்ணழைப்பு முதல் இரவெல்லாம் திரையைப் பார்த்துப் பார்த்தே படம் பிடித்தான். விடியற்காலை முகூர்த்தத்தில், மாங்கலிய தாரணத்திற்குச் சிறிது முன்னர்ப் பேட்டரி ஓய்ந்தது. தாலி கட்டும் கணம் மீண்டும் வருமோ? பேசிய கூலியிற் பாதியும் அவனுக்குக் கிடைத்திலது. காதணி வீடு திரும்பப் பதினான்கு மாதங்கள் ஆயின. அவனுக்குக் கலையறிவு குறைவன்று, உழைப்புக் குறைவன்று. கையிலிருந்த பணத்தைப் பகிர்ந்த முறையே பிழைத்தது. அம்முறையைத் தெளிவாக்குதலே இன்றைய எம் பேச்சின் நோக்கம்.

முதலில் இக்கருவியின் இயல்பு யாதென அறிவோம். எஸ். எல். ஆர். என்பது ஒரே லென்ஸின் வழியாகவே நாம் காண்பதும் படம் விழுவதும் நிகழும் காமிரா. லென்ஸின் பின்னே சாய்வாக ஒரு கண்ணாடி நிற்கின்றது. அது ஒளியை மேலே திருப்பிக் கண்ணுக்கு அனுப்புகின்றது. பொத்தானை அழுத்தியவுடன் அக்கண்ணாடி மேலெழுந்து வழிவிட, ஒளி பின்னாலுள்ள உணர்தகட்டில் விழுகின்றது. முற்காலத்தில் அவ்விடத்தில் பிலிம் இருந்தது. டிஜிடல் காமிராவில் மின்தகடு இருக்கின்றது. கொடாக் நிறுவனத்தார் 1991-ல் நிக்கான் காமிராவொன்றின் உடலில் அத்தகைய தகட்டைப் பொருத்தி விற்றனர். படங்களைச் சேமிக்கும் பெட்டியைத் தனியே தோளில் தொங்கவிட வேண்டியிருந்தது. 1999-ல் நிக்கான் டி1 வந்தது. 2003-ல் கேனான் நிறுவனத்தார் 300டி என்னும் காமிராவை ஆயிரம் டாலருக்குட்பட்ட விலையில் வெளியிட்டனர். அது முதலே நடுத்தரக் குடும்பத்தார் கைக்கு இக்கருவி எட்டலாயிற்று.

இங்கே ஒரு செய்தியை மறைத்தல் தகாது. 2018-ல் கேனானும் நிக்கானும் கண்ணாடியில்லாத முழுத்தகட்டுக் காமிராக்களைப் புதிய பொருத்துவாயுடன் வெளியிட்டன. அது முதல் அவற்றின் முயற்சி பெரும்பாலும் அவ்வழியே செல்கின்றது. அங்ஙனமாயின் பழைய வகையை வாங்குதல் அறிவுடைமையோ எனின், குறைந்த முதலுடையார்க்கு அறிவுடைமையே என்போம். செல்வமுடையார் புதிய வகைக்கு மாறுவதால், அவர் விட்ட நல்ல லென்ஸ்கள் குறைந்த விலைக்குச் சந்தைக்கு வருகின்றன. கேனானின் ஈ. எப். லென்ஸ்கள் உரிய இணைப்பு வளையத்துடன் அந்நிறுவனத்தின் புதிய காமிராக்களிலும் நன்கு இயங்கும். ஆகவே, இன்று வாங்கும் நல்ல லென்ஸ் நாளை வீணாவதில்லை.

இதிலிருந்து முதல் விதி பிறக்கின்றது: காமிராவின் உடலினும் லென்ஸே மேலானது. உடல் நான்கைந்து ஆண்டில் பழையதாகும். நல்ல லென்ஸ் பேணுவார் கையில் இருபது ஆண்டும் உழைக்கும். எனவே, கையிலுள்ள தொகையிற் பாதிக்கு மேல் உடற்பகுதிக்குச் செலவிடற்க. எளிய உடலும் நல்ல லென்ஸும் தரும் படத்தை, விலைமிக்க உடலும் இழிந்த லென்ஸும் தாரா.

லென்ஸின்மேல் இரண்டு எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். அவற்றின் பொருளை உணர்ந்தோன் கடைக்காரரின் சொல்லால் மயங்கான். ஒன்று குவியத்தூரம், அது மில்லிமீட்டரிற் கூறப்படும். அவ்வெண் சிறிதாயின் பரந்த காட்சி தெரியும். பெரிதாயின் தொலைவிலுள்ளது அருகே வரும். மற்றொன்று துவார அளவு, அஃது எப். என்னும் எழுத்துடன் வரும். இவ்வெண் எத்துணைச் சிறிதோ அத்துணைப் பெரிது துவாரம். குவியத்தூரத்தை இவ்வெண்ணால் வகுத்தால் துவாரத்தின் குறுக்களவு கிடைக்கும். 50 மி. மீ., எப். 1.8 எனில் துவாரம் ஏறத்தாழ 28 மி. மீ. அகலம். காமிராவோடு வரும் 18-55 லென்ஸ் 55-ல் எப். 5.6 எனில் துவாரம் ஏறத்தாழ 10 மி. மீ. மட்டுமே. முன்னது பின்னதினும் ஒன்பதரை மடங்கு ஒளியை உள்ளே விடும். மங்கலான வீட்டிற்குள் ஒன்று 1/15 வினாடி கேட்குமிடத்தில் மற்றொன்று 1/125 வினாடியில் வேலையை முடித்துவிடும். கை நடுக்கத்தால் கலங்கிய படத்திற்கும் தெளிந்த படத்திற்கும் உள்ள வேற்றுமை இதுவே.

இன்னொன்றும் உணர்தற்குரியது. பழைய பிலிமின் அளவு 36-க்கு 24 மி. மீ. எளிய டிஜிடல் காமிராக்களின் தகடு அதனிற் சிறிது. நிக்கானில் ஏறத்தாழ 23.5-க்கு 15.6, கேனானில் 22.3-க்கு 14.9. எனவே ஒரே லென்ஸ் சிறு தகட்டில் குறுகிய காட்சியைக் காட்டும். பிலிமில் 50 காட்டிய காட்சியைச் சிறு தகட்டில் காண ஏறக்குறைய 31 முதல் 35 வரையுள்ள லென்ஸ் வேண்டும்.

இனி, இலக்கணத்தோடுள்ள தொடர்பைக் கூறுவாம். தொல்காப்பியனார் அகப்பாட்டின் பொருளை முதல், கரு, உரி என மூன்றாகப் பகுத்தார். நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்து வாழும் மரமும் மாவும் புள்ளும் தொழிலும் பிறவும் கருப்பொருள். மக்கள் உள்ளத்து ஒழுக்கம் உரிப்பொருள். நிழற்படத்திற்கும் இம்மூன்றுமே பொருள் என யாம் கருதுகின்றோம். லென்ஸ் வாங்கப் புகுவோன், "எதனைப் படமாக்க விரும்புகின்றேன்? முதலையோ, கருவையோ, உரியையோ?" என்று தன்னைத் தானே வினவிக்கொள்வானாக. விடை தெளிந்தபின் லென்ஸ் தானே தெளியும்.

முதற்பொருளைக் காட்ட விரும்புவோனுக்குப் பரந்த காட்சி வேண்டும். கழுகுமலையில் வெட்டுவான் கோயில் நிற்கின்றது. மலையை மேலிருந்து குடைந்து பாண்டியர் காலத்தில் எட்டாம் நூற்றாண்டில் ஆக்கிய ஒற்றைக் கற்றளி அது. சுற்றிலும் பாறைச்சுவர் நெருங்கி நிற்பதால் பின்னே செல்ல இடமில்லை. அத்தகைய இடத்தில் 10-18 அல்லது 10-20 மி. மீ. லென்ஸ் உதவும். கூட்டுக்குடும்பம் முழுவதும் சிறு கூடத்தில் நிற்பதைப் படம்பிடிக்கவும் அதுவே உதவும். ஆயினும் ஓர் எச்சரிக்கை: இவ்வகை லென்ஸால் முகத்தை அருகிற் சென்று பிடித்தால் மூக்குப் பருத்தும் காது சிறுத்தும் தோன்றும். மணப்பெண்ணை அங்ஙனம் காட்டுவோன் மறுமுறை அவ்வீட்டிற்கு அழைக்கப்படான்.

உரிப்பொருள், அஃதாவது முகத்தில் தோன்றும் உள்ளம், அதனைக் காட்டுதற்கு 50 மி. மீ., எப். 1.8 லென்ஸ் ஏற்றது. கேனான், நிக்கான் ஆகிய இரு நிறுவனத்தாரிடத்தும் மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கும் லென்ஸ்களுள் இஃதொன்று. காமிராவோடு வந்த லென்ஸுக்கு அடுத்தபடியாக இதனையே வாங்குக என்பது எமது துணிபு. பின்னணி மங்கி முகம் மட்டும் தெளிந்து நிற்கும் அழகு இதனால் எளிதில் அமையும். ஆயினும் இதற்கும் எல்லையுண்டு. சிறு தகட்டுக் காமிராவில் இதைக்கொண்டு நின்ற மனிதர் ஒருவரைத் தலைக்கு மேலும் காலுக்குக் கீழும் சிறிது இடம்விட்டுப் பிடிக்க ஏறத்தாழ 4.5 மீட்டர், அஃதாவது 15 அடி, பின்னே நிற்றல் வேண்டும். நம் வீட்டு அறை பலவற்றின் நீளம் பத்தடியே. ஆதலின் வீட்டிற்குள் மிகுதியாகப் படம் பிடிப்போர் 35 மி. மீ., எப். 1.8 லென்ஸைத் தேர்தல் நன்று; அதற்கு 11 அடியளவு போதும். மேலும், எப். 1.8-ல் வைத்து இருபது பேரைக் குழுவாகப் பிடித்தால் முன்வரிசை தெளிந்து பின்வரிசை கலங்கும். குழுப்படத்திற்கு எப். 5.6 முதல் எப். 8 வரை வைத்தல் வேண்டும்.

கருப்பொருளை விழைவோருக்குத் தொலைவுக் காட்சி லென்ஸ் வேண்டும். நாங்குநேரி வட்டத்துக் கூந்தன்குளம் 1994-ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அங்கே மஞ்சள்மூக்கு நாரைகள் குளத்து மரங்களிலேயன்றி ஊரார் வீட்டு மரங்களிலும் கூடு கட்டுகின்றன. ஊரார் அவற்றைத் தம் மக்களைப் போற் பேணுகின்றனர். கூட்டின் அருகே சென்று படம் பிடித்தால் தாய்ப்பறவை அஞ்சி அகலும். குஞ்சு வெயிலில் வாடும். எனவே, தொலைவில் நின்று பிடித்தலே அறமும் ஆகும். 55-250 அல்லது 70-300 மி. மீ. லென்ஸ் அதற்குரியது. ஒரு மீட்டர் உயரமுள்ள நாரை 50 மீட்டர் தூரத்தில் நின்றால், 250-ல் அதன் உருவம் தகட்டின் மேல் 5 மி. மீ. விழும், படத்தின் உயரத்தில் மூன்றில் ஒரு கூறு. இது போதுமான அளவே. இத்தகைய நீண்ட லென்ஸைக் கையிற் பிடித்துப் படமெடுப்போர் 1/400 வினாடிக்குக் குறையாமல் வைத்துக்கொள்க. நடுக்கம் தணிக்கும் அமைப்பு லென்ஸில் இருப்பின் கைநடுக்கம் குறையும். பறவையின் அசைவு குறையாது என்பதை மறத்தலாகாது.

லென்ஸ் பொருந்துமா என்பதிலும் விழிப்பு வேண்டும். கேனான் லென்ஸ் நிக்கானிற் பொருந்தாது. கேனானில் ஈ. எப். எஸ். என்னும் குறியுடையவை சிறு தகட்டுக் காமிராவிற்கு மட்டுமே உரியவை, ஈ. எப். என்பவை இருவகைக்கும் பொருந்தும். நிக்கானில், டி3000, டி5000 வரிசை எளிய காமிராக்களின் உடலில் குவிக்கும் மோட்டார் இல்லை. ஆகவே, மலிவாகக் கிடைக்கின்றதென்று பழைய ஏ. எப். லென்ஸை வாங்கினால் கையாலேயே குவிக்க நேரிடும், ஏ. எப். எஸ். என்றிருப்பதை வாங்குக. ஏ. எப். பி. என்னும் புதுவகை லென்ஸ் பழைய உடல்கள் சிலவற்றில் இயங்காது. சிக்மா, டாம்ரான், டோக்கினா முதலிய பிற நிறுவனத்தார் லென்ஸ்களும் நல்லவையே; அவை எந்தக் காமிராவின் பொருத்துவாய்க்குச் செய்யப்பட்டவை என்று கேட்டறிக.

இவ்வளவும் கேட்டபின், "எல்லாம் வேண்டும் போலத் தோன்றுகின்றதே!" என்று இளைஞர் மயங்கக் கூடும். அதற்கும் வழியுண்டு. காமிராவோடு வரும் 18-55 லென்ஸை மூன்று திங்கள் வரை மட்டுமே கொண்டு உழைத்திடுக. டிஜிடல் படம் ஒவ்வொன்றும், எந்தக் குவியத்தூரத்தில், எந்தத் துவாரத்தில், எத்துணை வினாடியில் எடுக்கப்பட்டதென்பதைத் தன்னுள் எழுதி வைத்துக்கொள்கின்றது. சிறந்தவை எனத் தோன்றும் நூறு படங்களைப் பிரித்து அவ்வெண்களைப் பார்க்க. பெரும்பாலன 18-ல் இருப்பின் பரந்த லென்ஸும், 55-ல் இருப்பின் நீண்ட லென்ஸும், நடுவில் இருந்து ஒளிக்குறைவால் கலங்கியிருப்பின் எப். 1.8 லென்ஸும் வாங்கத்தக்கவை. பிறர் சொல்வதினும் தன் படமே தனக்குச் சான்று.

இனித் துணைக்கருவிகள். அவற்றுள் முதலிடம் இரண்டாம் பேட்டரிக்கும் இரண்டாம் கார்டுக்கும் உரியது. முன்னர்க் கூறிய மாணவனின் காதணியை இவ்விரண்டும் காத்திருக்கும். 24 மெகாபிக்சல் காமிராவில் 'ரா' வகைப் படமொன்று ஏறத்தாழ 25 முதல் 30 மெகாபைட் கொள்ளும்; 32 ஜி. பி. கார்டில் ஓராயிரம் படம் அடங்கும். பெரிய கார்டு ஒன்றினும் நடுத்தரக் கார்டு இரண்டு மேல். ஒன்று பழுதாயின் மற்றொன்றிலுள்ளது பிழைக்கும். கலியாண வீட்டிலிருந்து திரும்பிய அன்றே படங்களை இரண்டு இடங்களிற் பிரதி செய்து வைத்தபின்னரே கார்டை அழிக்க வேண்டும்.

அடுத்தது முக்காலி, அஃதாவது டிரைபாட். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பது நம் பழமொழி; செங்கோட்டைக் கணவாய் வழியே வரும் அக்காற்றை நாம் நன்கறிவோம். சங்கரன்கோவில் ஆடித்தபசும் அக்காலத்திலேயே வருகின்றது. மலிவான மெல்லிய முக்காலி அக்காற்றில் நாணலைப் போல ஆடும்; காமிராவோடு சாய்ந்து விழுதலும் உண்டு. எனவே, முக்காலியைக் கனமும் உறுதியும் நோக்கி வாங்குக, அன்றேல் வாங்காதிருக்க. நடுத்தண்டை உயர்த்தாது, அதன் அடிக்கொக்கியில் பையைத் தொங்கவிட்டால் நிலைபெறும். பொத்தானைக் கையால் அழுத்தும் அதிர்ச்சி தாக்காவண்ணம் இரண்டு வினாடி தாமதம் வைத்துப் படம் பிடிக்க. திருவிழாக் கூட்டத்தின் நடுவே முக்காலி விரித்துப் பிறர் வழியை மறித்தல் கூடாது.

பிளாஷ் விளக்கைப் பற்றி ஒரு கணக்குச் சொல்வாம். எளிய காமிராவின் தலையில் எழும் சிறு விளக்கின் ஆற்றலெண் ஏறத்தாழ 9 மீட்டர். அதனைத் துவார எண்ணால் வகுத்தால் அது எட்டும் தூரம் கிடைக்கும். ஐ. எஸ். ஓ. 100-ல், எப். 4.5-ல் அது 2 மீட்டரே. தபசுக் காட்சியன்று முப்பது மீட்டர் தொலைவிலுள்ள சப்பரத்தை நோக்கி இச்சிறு விளக்கை மின்னவிடுவோர் முன்னிற்பவர் தலைமுடிக்கே வெளிச்சம் தருகின்றனர். கலியாணத் தொழிலுக்குத் தனி பிளாஷ் வேண்டும். அதன் தலை திரும்பும் வகையினதாக இருத்தல் இன்றியமையாதது. வெள்ளைக் கூரையிற் பட்டு மீளும் ஒளி மென்மையாய் முகத்தில் விழும், கண்ணைக் கூசாது. ஆனால், பந்தலின் மேற்கட்டி சிவப்பாகவோ நீலமாகவோ இருப்பின் அந்நிறமே மணமக்கள் முகத்தில் ஏறும். அங்கே கூரையை நம்பாது வேறு வெள்ளைப் பரப்பை நாடுக.

வடிகட்டிகளை, அஃதாவது பில்டர்களைப் பற்றிக் கடைகளில் மிகுத்துரைப்பர். புறஊதாக் கதிரைத் தடுக்கும் பில்டர் பிலிம் காலத்தில் பயன்பட்டது. டிஜிடல் தகட்டின் முன்னே அத்தடுப்பு ஏற்கனவே அமைந்துள்ளது. கரிசல் மண் தூசி பறக்கும் நம் ஊரில் கண்ணாடியைக் காக்கும் பொருட்டு நல்ல பில்டர் ஒன்றினை இடுவதில் தவறில்லை. இரவில் விளக்குகளை நோக்கிப் படம் பிடிக்கையில் அதனைக் கழற்றிவிடுக. இல்லையேல் விளக்கின் பொய்யுருவம் படத்தில் மிதக்கும். நீரின் மேலும் இலையின் மேலும் தோன்றும் பளபளப்பை நீக்குவது போலரைசர். குளமும் வயலும் பிடிப்போர்க்கு அது மெய்யான பயன் தரும். எஸ். எல். ஆர். காமிராவிற்கு வட்டப் போலரைசர் என்னும் வகையே வேண்டும். லென்ஸின் முன்னே பொருத்தும் ஞெகிழி மூடாக்கு, அஃதாவது ஹூட், விலை சிறிது, பயன் பெரிது. பக்கவொளியைத் தடுக்கும், மோதலையும் தான் தாங்கும்.

வாங்காது விடத்தக்கவையும் சில உள. "இருபது பொருள் ஒரே விலையில்" என்று கட்டாகக் கொடுக்கும் மூட்டையை நம்பற்க. லென்ஸின் முன்னே திருகிப் பரந்த காட்சியும் தொலைவுக் காட்சியும் தருமென்று சொல்லப்படும் மலிவான கண்ணாடிகள் படத்தின் ஓரத்தைக் குழப்பும். பெயரறியாப் பேட்டரியும் போலிக் கார்டும் கலியாணத்தின் நடுவே கைவிடும். இரசீதும் உத்தரவாதச் சீட்டும் இன்றிப் புதிய பொருளை எத்துணை மலிவாயினும் வாங்கற்க.

பழைய பொருளை வாங்குவோர் கவனிக்க வேண்டுவனவற்றையும் கூறுவாம். லென்ஸின் இருமுனை மூடிகளையும் நீக்கி, ஒரு புறத்திலிருந்து கைவிளக்கை ஏந்தி மறுபுறத்திலிருந்து நோக்குக. சிறு தூசி இருந்தால் கேடில்லை. சிலந்தி நூல்போலப் படர்ந்திருப்பின் அது பூஞ்சணம். அதனை விட்டொழிக. துவார இதழ்களில் எண்ணெய்க் கறை இருத்தலாகாது. குவிக்கும் வளையமும் நீட்டும் வளையமும் தடையின்றிச் சுழல வேண்டும். காமிராவின் உடலாயின், இதுவரை எத்துணைப் படம் எடுத்துள்ளதென்று கேட்டறிக. எப். 16-ல் வைத்து வெள்ளைத் தாளையோ வானத்தையோ படம்பிடித்துப் பார்த்தால் தகட்டின் மேலுள்ள கறை கரும்புள்ளியாய்த் தோன்றும். தம் காமிராவிற் பொருத்திச் சோதித்த பின்னரே பணம் கொடுக்க.

வாங்கிய பொருளைப் பேணுதலும் வாங்குதலோடு ஒத்ததே. கோடையில் நமக்குப் பகை தூசி; ஐப்பசி கார்த்திகையில் பகை ஈரம். காமிராவைத் தோற்பையிலோ துணி அடுக்கிய பீரோவிலோ வைத்தால் பூஞ்சணம் பற்றும். காற்றுப் புகாத மூடியுள்ள ஞெகிழிப் பெட்டியில், நிறம் மாறும் சிலிக்கா மணிகளோடு வைத்திடுக. பெட்டிக்குள் ஈரம் நூற்றுக்கு 40 முதல் 50 வரை இருத்தல் நன்று. அதனைக் காட்டும் சிறு மானி மலிவாகக் கிடைக்கும். கண்ணாடியை வேட்டி நுனியால் துடையற்க. ரப்பர் ஊதியால் தூசியை ஊதி, அதன்பின் மென்துணியால் மெல்லத் துடைக்க. காற்று வீசும் வெளியில் லென்ஸ் மாற்ற நேரின், காமிராவின் வாயைக் கீழ்நோக்கிப் பிடித்து விரைவில் மாற்றுக.

கருவி குறைவென்று கவலுறும் இளைஞர்க்கு மூவரை நினைவூட்டுவாம். 1858-ல் லின்னேயஸ் ட்ரைப் என்பார் சென்னை அரசாங்கத்துக்காகத் தஞ்சைப் பெரிய கோயிலைப் படம் பிடித்தார். அதன் அடித்தளத்துக் கல்வெட்டுக்களை ஒரே படத்தில் அடக்கவல்ல லென்ஸ் ஏதுமில்லை. அவர் 21 படங்களைத் தொடர்ச்சியாக எடுத்து ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒன்றாக்கினார். பிரெஞ்சு நாட்டுக் கார்த்தியே-பிரெசான் பெரும்பாலும் ஒரே 50 மி. மீ. லென்ஸைக் கொண்டே உலகைச் சுற்றினார்; 1950 ஏப்ரலில் திருவண்ணாமலையில் இரமண மகரிஷிகளின் இறுதி நாட்களைப் படம் பிடித்தவரும் அவரே. மூன்றாமவர் 1912-ல் திருநெல்வேலியிற் பிறந்த மா. கிருஷ்ணன். எழுத்தாளர் அ. மாதவையாவின் திருமகனாராகிய இவர், பல உறுப்புக்களைத் தாமே சேர்த்தமைத்த காமிராவைக்கொண்டு கானத்து விலங்குகளைக் கறுப்பு வெள்ளையிற் படம் பிடித்தார். 1960-ல் பத்மஸ்ரீ விருது பெற்றார். இம்மூவருக்கும் இன்று நம் பிள்ளை ஒருவன் கையிலுள்ள எளிய காமிராவின் வசதியிற் பாதியும் இருந்திலது.

இறுதியாக, சங்கத்தார்க்கு ஒரு விண்ணப்பம். ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியே கடன்பட்டு நீண்ட லென்ஸும் தனி பிளாஷும் உறுதியான முக்காலியும் வாங்குதல் வேண்டுவதன்று. இவை நாள்தோறும் பயன்படுவன அல்ல. இவற்றைச் சங்கத்தின் பொதுப்பொருளாக வாங்கி, ஈரம் புகாப் பெட்டியில் வைத்து, பதிவேட்டிற் கையெழுத்துப் பெற்று முறைப்படி வழங்கலாம். இளைஞன் தன் பணத்தில் எளிய உடலும், ஒரு நல்ல லென்ஸும், இரண்டு பேட்டரியும், இரண்டு கார்டும் வாங்கினாற் போதும்; மிகுதியைச் சங்கம் தாங்கும். எல்லாரும் ஒரே நிறுவனத்தின் பொருத்துவாயைத் தேர்ந்தால் லென்ஸ்களை ஒருவர்க்கொருவர் மாற்றிக்கொள்ளவும் இயலும். இத்தொழில் ஆண்மக்களுக்கே உரியதென்று எண்ணற்க. கலியாண வீட்டில் பெண்கள் கூடியிருக்கும் அறைக்குள் கூச்சமின்றிச் சென்று படம் பிடிக்கவல்லவர் நம் பெண்மக்களே. அவர்க்கும் இப்பொதுப்பொருளில் உரிமை வேண்டும்.

அங்ஙனம் உதவிபெறும் இளைஞர் சங்கத்திற்குச் செய்யவேண்டும் கைம்மாறு ஒன்றுண்டு. நம் வீடுகளின் சுவரில் முன்னோரின் பழைய படங்கள் கறையான் அரித்தும் ஈரம் பட்டும் அழிந்து வருகின்றன. படத்தை நிழலுள்ள திண்ணையில் சுவரோடு நேராக நிறுத்தி, முக்காலியில் வைத்த காமிராவால் 50 மி. மீ. லென்ஸைக் கொண்டு, எப். 8-ல் பிரதி எடுக்கலாம். அதற்கு மையும் வேண்டா, பெருஞ் செலவும் வேண்டா. எண்பது வயது கடந்த பாட்டன் பாட்டியர் இவ்வூரில் இன்னும் பலர் உளர். அவர்களுட் சிலர்க்கு, அரசாங்க அடையாளச் சீட்டிலுள்ள படமன்றி வேறு படமே இல்லை. அவர் முகத்தைத் தெளிவாக ஒருமுறை பிடித்து அவர் மக்களிடம் கொடுப்பது, தொழில் பழகுவார்க்குப் பயிற்சியும் ஆகும். குடும்பத்தார்க்கு நிதியும் ஆகும். அடுத்த கூட்டத்திற்குமுன் அத்தகைய படம் பத்தேனும் சங்கத்திற்கு வந்து சேருமாயின், யாம் பேசியதன் பயன் முழுதும் பெற்றோம் ஆவோம்.